கொலரூன் லஸ்கர்கள்

பம்பாய்,
21-8-1961

வரது,

நலம், நலமறிய ஆவல் என்று இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஆற்றில் எத்தனை அடி தண்ணீர் என்று எழுதுகிறவனுக்கு என்ன குறை?

எங்க அத்தா மவுத்தாகி ஒரு மாதம் தாண்டிவிட்டது. ஜூலை பதினேழாம் தேதி, சிங்காரத்தோப்பில் பூட்டுக் கடையைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அதற்கு மூன்று நாள் முன்னால், பதினாலாம் தேதி, அந்த வெயிலில் உன் ஆபீஸுக்கு நடந்து வந்தாரே, நினைவு இருக்கிறதா? "புள்ளைங்ககிட்டேருந்து தந்தி ஏதும் வந்துச்சா தம்பி?" என்று கேட்டாரே? நீ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "இங்கே ஆத்துத் தந்திதான் வருது, கப்பல் தந்தியெல்லாம் வராது" என்று சொன்னாய். கூட வந்த பக்கத்துக் கடை சேக் மைதீன் வாசலில் நின்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சாதிக்காதே.

எங்கள் கப்பல் நடுக்கடலில் எஞ்சின் நின்று, ஒயர்லெஸ்ஸும் செத்து, ஒன்பது நாள் கிடந்தது. தகவல் இல்லை என்று பேப்பரில் போட்டிருக்கிறான். அத்தா அதைப் படித்துவிட்டார். பதினொன்றாம் தேதி இன்னொரு கப்பல் எங்களைக் கண்டுபிடித்தது. மறுநாளே ஏஜெண்ட் ஆபீஸிலிருந்து தந்தி போயிருக்கிறது. நான் கொடுத்திருந்த விலாசம் உன்னுடையது. ஏன் தெரியுமா? எங்கள் தெருவில் தந்திக்காரன் சைக்கிள் நுழைந்தாலே போதும், என்ன சேதி என்று பிரித்துப் பார்ப்பதற்குள் நாலு வீட்டில் ஒப்பாரி கிளம்பிவிடும். அத்தாவுக்கு நெஞ்சு பலவீனம். இங்கிலீஷைப் படித்து, நிதானமாக, நல்ல வார்த்தையில் எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமென்று நினைத்தேன். உன்னை நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இன்று அம்மா என் கடிதங்களைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறாள். கடைசியாக வந்த உறையின் முதுகில் யாரையோ விட்டு எழுத வைத்திருக்கிறாள்: "பத்திரமா இருந்தும் ஒரு வரி தந்தி அடிக்க உனக்கு மனசு வரலை. உன்னாலதான் அவரு போனாரு." என்னைப் பெற்றவள் சொல்கிறாள் இதை.

ஒன்றே ஒன்று சொல். தந்தி வந்ததா, இல்லையா? உன் காரியம் முடிந்து உன் மனசு நிறைந்ததும் எங்கள் வீட்டை மறந்துவிட்டாய், அவ்வளவுதானே?

ஜமால்


ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்,
30-8-1961

திரு. ஜமால் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் தகப்பனார் காலமானது அறிந்து வருந்துகிறேன். அவர் மிகவும் மரியாதைப்பட்ட மனுஷர். அந்த மரியாதையில் கொஞ்சமாவது பிள்ளைக்கு வந்திருக்கலாம்.

அவர் ஆபீஸுக்கு வந்தது உண்மை. நான் எழுந்திருக்காததும் உண்மை. அன்று காவேரியிலும் கொள்ளிடத்திலும் இரு கரையும் தொட்டுக்கொண்டு வெள்ளம். நான் மூன்று நாளாக வீட்டுக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. நாளுக்கு நாற்பது தந்தி வந்தது. பேப்பரைக் கையால் தொட நேரமில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டு உபசரிக்கிற நிலைமையில் அடியேன் இல்லை.

தங்கள் கப்பலின் பெயர் காவேரி என்பது எனக்குத் தெரியும். மறக்கக்கூடிய பெயரா அது? தங்கள் கடிதம் வந்த மறுநாள், ஜூலை மாதத் தந்திக் கட்டை இறக்கி, காவேரி என்று வந்த தந்தி ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பார்த்தேன். நூற்றுப் பதினாறு தந்திகள். எல்லாம் ஆற்றைப் பற்றியவை. கப்பலைப் பற்றி ஒன்றும் இல்லை. தந்தி வரவில்லை. தங்கள் ஏஜெண்ட் அனுப்பாமலேயே அனுப்பியதாகச் சொல்லியிருப்பார். அவரோடு சண்டை போடுங்கள்.

"உன் காரியம்" என்று எதை எழுதியிருக்கிறீர்கள் என்று புரியவில்லை. எனக்கு அந்தக் கப்பலில் ஒரு காரியமும் இல்லை. இருந்த ஒன்றையும் தாங்கள் இரண்டு வருஷம் முன்பே கொண்டுபோய்விட்டீர்கள். காலேஜில் படித்துக்கொண்டிருந்த என் தம்பி கோபுவிடம் ஊர் ஊராகக் கதை சொல்லி, ஆசை காட்டி, பம்பாய்க்கு ரயிலேற்றி, கப்பலில் லஸ்கராகச் சேர்த்துவிட்டது யார்? திருமண்காப்பு தரித்த பிள்ளை தளம் கழுவப் போனான். போன தை மாதம் எங்கள் தகப்பனார் பரமபதித்தபோது தந்தி அடித்தேன். பத்தாம் நாளுக்கும் வரவில்லை, பதிமூன்றாம் நாளுக்கும் வரவில்லை, ஒரு வரி பதிலும் இல்லை. அன்றோடு அவன் எனக்குத் தம்பி இல்லை, தாங்கள் சிநேகிதரும் இல்லை.

தகப்பனாரைப் பற்றித் தாங்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வரதராஜன்


பம்பாய்,
9-9-1961

வரதராஜ ஐயங்கார் அவர்களே,

தாங்கள், தங்கள் என்று எழுதினால் எனக்கு உறைக்கும் என்று நினைத்தாயா? உறைத்தது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிரம்பில் அடி வாங்கியவர்கள் நாம்.

காவேரியில் தேடினாயா? நான் காவேரியை விட்டு மே மாதமே இறங்கிவிட்டேன். எங்கள் கம்பெனிக்காரனுக்கு ஆற்றுப் பெயர்தான் பிடிக்கும். அவனுடைய ஆறு கப்பலுக்கும் ஆறு ஆறுகள். என்னை மாற்றிய கப்பலின் பெயர் கொலரூன். முகப்பில் ஒரு ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. இதையெல்லாம் மே மாதம் உனக்குக் கடிதமாக எழுதினேனே, படிக்கவில்லையா?

நேற்று ஏஜெண்ட் ஆபீஸுக்குப் போய் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டேன். குமாஸ்தா நகலை எடுத்து நீட்டிவிட்டான். ஜூலை 12, காலை. உன் பெயர், உன் ஆபீஸ். வாசகம் நாலே வார்த்தை: "கொலரூன் லஸ்கர்ஸ் ஆல் சேஃப்."

நகல் கேட்டேன், வெளியே தர மாட்டார்களாம். உன்னிடம் இருப்பதுதான் அசல். அது எனக்கு வேண்டும். எனக்கு என்றால் எனக்கில்லை, அம்மாவுக்கு. தேதியோடு, முத்திரையோடு அம்மா கையில் அது போய்ச் சேராதவரை, தகப்பனைக் கொன்றவன் என்ற பெயரோடுதான் நான் துறைமுகம் துறைமுகமாக அலைய வேண்டும். அதற்குள் அவளும் போய்விட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

தேடு. இந்தத் தடவை சரியான ஆற்றில் தேடு.

ஜமால்


ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்,
20-9-1961

ஜமால்,

கிடைத்துவிட்டது.

கொள்ளிடத் தந்திக் கட்டுக்குள், நடுவில் இருந்தது. ஜூலை 12, பகல் பதினொன்று இருபது என்று வரவு எழுதியிருக்கிறது. எழுதியது என் கை. கீழே சுருக்கொப்பமும் என்னுடையது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ நம்பினால் நம்பு. எங்கள் ஆபீஸ் ஏட்டில் கொள்ளிடம் என்ற பெயரே கிடையாது. வெள்ளைக்காரன் எழுதிவைத்துவிட்டுப் போன கொலரூன்தான் இன்றும். ஆற்றங்கரையிலும் மதகிலும் காவல் இருக்கும் ஆட்களை நாங்களும் லஸ்கர் என்றுதான் சொல்கிறோம். கப்பலில் இருப்பவர்களுக்கும் அதுவே பெயர் என்பது எனக்குத் தெரியாததில்லை. கோபு போன நாளிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றி எரியும். ஆனால் ஆபீஸில் அது வேறு வார்த்தை.

பதினொன்றாம் தேதி சாயங்காலம் கொள்ளிடக் கரையில் நாலு லஸ்கர்கள் சுற்றித் தண்ணீர் சூழ்ந்து மாட்டிக்கொண்டார்கள். இருக்கிறார்களா, அடித்துக்கொண்டு போய்விட்டதா என்று ஒரு தகவலும் இல்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இந்தத் தந்தி வந்தது. படித்தவுடன் நான்தான் வாசலுக்கு ஓடிப் போய்ச் சொன்னேன், "லஸ்கருங்க எல்லாரும் பத்திரம்மா, அழாதீங்க!" என்று. ஒரு பெண் என் காலில் விழுந்தாள். அடுத்த நாள் அந்த நாலு பேரும் ஈர வேட்டியோடு நடந்தே வந்து சேர்ந்துவிட்டார்கள். அப்புறம் எவன் அந்தக் காகிதத்தை மறுபடி பார்ப்பான்? வெள்ள நாட்களில் எல்லாத் தந்தியும் என் பெயருக்குத்தான் வரும். மேலே பம்பாய் என்று இருக்கிறது. சின்ன எழுத்து. நான் பார்க்கவில்லை.

உன் அத்தா வந்து நின்றபோது அது என் மேஜைமேல், என் முழங்கைக்குக் கீழே இருந்த தந்திக் கட்டுக்குள் கிடந்தது.

இன்னொன்றும் எழுத வேண்டும். போன தை மாதத்துக்குப் பிறகு நீ எழுதிய கடிதங்கள் எதையும் நான் பிரிக்கவில்லை. பஞ்சாங்கத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். மூன்று இருந்தன. கட்டுக்குள் தந்தி கிடைத்த அன்று மே மாதக் கடிதத்தை உடைத்தேன்.

தகப்பனார் போனபோது நான் அடித்த தந்தியில் "கோபாலன், காவேரி, பம்பாய்" என்று மட்டும் விலாசம் போட்டிருந்தேனாம். தந்திக்காரன் அதை மாதுங்காவில் காவேரி கிளப் என்ற சாப்பாட்டுக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க, அங்கே இரண்டு மாதம் சுவரில் குத்தி வைத்திருந்ததை நீ சாப்பிடப் போனபோது பார்த்தாயாம். கோபு அதைப் படித்துவிட்டு மூன்று நாள் பட்டினி கிடந்ததாக எழுதியிருக்கிறாய். கடைசியில் இப்படி எழுதியிருக்கிறாய்: "என்னோடு கோபுவையும் கொலரூனுக்கு மாற்றிவிட்டார்கள். உங்கள் அம்மாவிடம் சொல், பிள்ளை கடல் தாண்டிப் போனான் என்று அழ வேண்டாம், வடதிருக்காவேரியில்தான் இருக்கிறான் என்று. ஏதாவது ஆனால் உன் ஆபீஸுக்குத் தந்தி வரும். எங்க அத்தாவுக்குப் பார்த்துச் சொல்."

கொள்ளிடத்துக்கு எங்கள் வீட்டில் சொல்லும் பெயரை நீ மறக்கவில்லை.

உன் அத்தா "புள்ளைங்க" என்று கேட்டார். பிள்ளை என்று கேட்கவில்லை. அவர் உனக்காக மட்டும் நடந்து வரவில்லை. "உன் காரியம்" என்று நீ எழுதியதும் இப்போதுதான் புரிகிறது. என் தம்பி பிழைத்துவிட்டான் என்ற சேதியை நானே வாங்கி, நானே கையெழுத்துப் போட்டு, கட்டுக்குள் வைத்து நூலால் கட்டியிருக்கிறேன்.

தந்தியை வெளியே கொடுக்கக் கூடாது என்கிறார் மேலதிகாரி. வெள்ள ஏட்டிலிருந்து ஒரு காகிதம் போனால் என் வேலைக்கே ஆபத்து. என்ன செய்வது என்று எழுது.

வரது


பம்பாய்,
1-10-1961

மதிப்பிற்குரிய வரதராஜன் அவர்களுக்கு,

தங்கள் விளக்கத்தைப் படித்தேன். ரொம்ப நன்றாக இருந்தது. கொள்ளிடக்கரை லஸ்கர் வீட்டுப் பெண்கள் அழுதால் தாங்கள் வாசலுக்கு ஓடுவீர்கள். பூட்டுக் கடைக்காரர் வந்து நின்றால் தலையைத் தூக்க மாட்டீர்கள். பெயர் குழம்பியது என்றீர்கள், ஒத்துக்கொள்கிறேன். கொலரூனும் லஸ்கரும் யாரையும் ஏமாற்றும். ஆனால் ஒரு கிழவர் வாசலில் வந்து நின்று மகனைக் கேட்கிறார். "எந்தக் கப்பல்?" என்று இரண்டே வார்த்தை தாங்கள் திருப்பிக் கேட்டிருந்தால், அவர் கொலரூன் என்று சொல்லியிருப்பார். அந்த இரண்டு வார்த்தைக்கு எந்த ஏடு குறுக்கே நின்றது?

என்மேல் கோபம், அதை அவர்மேல் காட்டினீர்கள். இதற்கு வேறு பெயர் கிடையாது.

என்ன செய்வது என்று என்னைக் கேட்கிறீர்கள். வேலை பெரிதென்றால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் போங்கள். தபாலில் போடாதீர்கள், சேக் மைதீனிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். தாங்களே போய், தங்கள் வாயாலேயே படித்துச் சொல்ல வேண்டும். முன்பு கேட்ட உதவிதான் இது. மூன்று மாதம் தாமதம், அவ்வளவுதான்.

கோபு தங்களுக்கு எழுத மறுக்கிறான். நான் வற்புறுத்தவில்லை.

ஜமால்


ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்,
16-10-1961

ஜமால்,

போய் வந்தேன்.

தந்தியை ஏட்டிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நகல் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்தேன். எடுத்தது நான்தான் என்று நானே மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். மெமோ கொடுத்திருக்கிறார்கள். வேறு பிரிவுக்கு மாற்றம். இனிமேல் தந்தி எதையும் தொடக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு. இதை உன் பரிதாபத்துக்காக எழுதவில்லை. நீ கேட்டாய் என்பதற்காக எழுதுகிறேன்.

உங்கள் தெருவில் நுழைந்தபோது என் கையில் இருந்த தந்தியைப் பார்த்துவிட்டு ஒரு அம்மாள் "யா அல்லாஹ், யாருக்கு?" என்று கத்திவிட்டார். நீ எழுதியது சரிதான்.

உங்கள் அம்மா, கணவரை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவில் இருப்பதால் வெளி ஆணை நேரே பார்க்கக் கூடாதாம். எனக்குத் தெரியாது. சேக் மைதீன் என்னை முன்னறையில் உட்கார வைத்தார். நடுவில் திரை. அவர் மனைவி ஆபிதா காகிதத்தை வாங்கி உள்ளே கொடுத்தார். பிறகு காகிதம் திரும்பி வந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க தம்பி. நீங்களே படிங்க."

படித்தேன். தமிழிலும் சொன்னேன்.

"என்னைக்கி வந்துச்சு?"

"பன்னெண்டாம் தேதிங்கம்மா."

"அவரு உங்ககிட்ட வந்தது?"

"பதினாலு."

"அப்ப இது எங்கே இருந்துச்சு?"

"என் மேஜை மேல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். அவர் திட்டவில்லை. உள்ளே விசும்பல் கேட்டது. "எம்புள்ளைய நான் என்னென்னமோ பேசிட்டேனே ஆபிதா" என்றார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திரை இருந்தது நல்லதாகப் போயிற்று.

எழுந்தபோது மறுபடி கூப்பிட்டார்.

"உங்க தம்பியும் அந்தக் கப்பல்லதானே இருந்துச்சு? உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. நாங்க அவனைப் பத்திப் பேசறதில்லை."

"எம்புள்ள போயிட்டான்னு நெனச்சுக்கிட்டு ஒரு வாரம் நான் கெடந்தேன் தம்பி. அது பெத்தவளுக்குத்தான் தெரியும். போங்க, போய் அவங்ககிட்ட சொல்லுங்க. இந்தக் காகிதம் எங்கிட்டேயே இருக்கட்டும்."

அம்மாவிடம் அன்று சாயங்காலமே சொன்னேன், தந்தி, கப்பல், கோபு, உன் அத்தா எல்லாவற்றையும். எதையும் மறைக்கவில்லை. கோபு பெயரை இரண்டு வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கப்பலுக்கு என்ன பேர்னு சொன்னே?"

"கொள்ளிடம்."

"வடதிருக்காவேரின்னு சொல்லு. அங்கேதான் இருந்தானா என் குழந்தை?"

உன் வரி வேலை செய்தது, ஜமால். அம்மா அழவில்லை. கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தாள். பிறகு பூவைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள், "அந்தப் பெரியவரை நீ ஏண்டா உட்காரச் சொல்லலை?"

நாலு நாளாகிறது. தினமும் அதையே கேட்கிறாள்.

வரது


பம்பாய்,
4-11-1961

வரது,

அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. ஆபிதா எழுதியிருக்கிறார். அம்மா சொல்லச் சொல்ல எழுதியிருப்பார் போல, நடுவில் இரண்டு இடத்தில் மை கலைந்திருக்கிறது. வீட்டுக்கு வா என்று எழுதியிருக்கிறாள். அது போதும் எனக்கு.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதுவேன் என எதிர்பார்த்தால் இங்கேயே நிறுத்திவிடு. மன்னிக்கவில்லை. அத்தா அந்த வெயிலில் திரும்பி நடந்து போன வழியை நினைத்தால் இப்போதும் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போகிறேன். ஊருக்கு வந்தாலும் உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். உன் மெமோவும் மாற்றமும் எனக்குக் கணக்கில்லை. நீ செய்தது என் அம்மாவுக்குச் செய்தது, எனக்குச் செய்ததல்ல.

கோபு விஷயம் மட்டும். காவேரி கிளப்பில் உன் தந்தியைச் சுவரிலிருந்து பிடுங்கியது முதல் அதைச் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறான். துவைத்துத் துவைத்து எழுத்தே இல்லை, வெறும் காகிதம். அம்மா சிரித்தாள் என்று நீ எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். திரும்பப் படி என்றான். இந்த மாசிக்குள் ஊருக்கு வருவான். வந்தால் கத்தாதே.

நாளை மறுநாள் மறுபடி ஏறுகிறோம், இருவரும். மொம்பாசாவுக்குப் போய்த் திரும்ப மூன்று மாதம். நேற்று கையெழுத்துப் போடும்போது குமாஸ்தா வழக்கம்போலக் கேட்டான், "ஏதாவது ஆனால் யாருக்குத் தந்தி அடிக்கணும்?" சேக் மைதீன் பெயரைச் சொல்லலாம் என்றுதான் போனேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிந்தாலும் எங்கள் தெருவில் அவர் வீட்டு வாசலில் சைக்கிள் நின்றால் அம்மாவுக்குக் கேட்டுவிடும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவன் திட்டினான்.

உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். கோபுவும் அதையே எழுதினான். ஆபீஸில் நீ தந்தி தொடக் கூடாதாமே, அதனால் ஸ்ரீரங்கத்து வீட்டு விலாசம். வேறு ஆள் கிடைக்காததால் எழுதினேன், தலைகால் புரியாமல் ஆடாதே.

கப்பல் பெயர் காவேரி. பழைய கப்பல்தான். இனி மழையிலும் வெயிலிலும் உன் ஆற்றுக்கு என்ன ஆனாலும் எனக்குக் கவலையில்லை. தந்தி வந்தால் முதலில் மேலே ஊர்ப் பெயரைப் பார். பிறகு எழுந்திரு. எழுந்து, நடந்தே போய் எங்க அம்மாவிடம் சொல்.

ஜமால்